நான்கு 'ஹ', மூன்று எண்கள்: எகிப்தியல் ஆய்வேட்டில் பட்ட பாடு

போன வாரம் மதிப்பெண் வந்தது. தேறிவிட்டேன். பிரிட்டனில் ஓராண்டு எகிப்தியல் முதுகலை; 180 கிரெடிட்டில் 60 ஆய்வேட்டுக்கு. விண்ணப்பம், விசா, கட்டணம் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆய்வேட்டில் எங்கெங்கே நாட்கள் வீணாய்ப் போயின என்பதை மட்டும் சொல்கிறேன். ஹைரோகிளிஃப் என்னும் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்து வீணான நாள் ஒன்றுகூட அதில் இல்லை.

என் தலைப்பு, எகிப்தின் நடுவரசுக் கால (சுமார் நான்காயிரம் ஆண்டுக்கு முந்தைய) நினைவுக்கற்களில் வரும் படையல் வாசகம். 'ஹெதெப் தி நெசு' என்று தொடங்கும்; 'அரசர் அளிக்கும் படையல்' என்று பொருள். அதில் குறிகள் நிற்கும் வரிசை காலத்தோடு மாறியது. 12ஆம் அரசமரபில் நெசு, ஹெதெப், தி என்று வரும். அதற்குப் பிந்தைய இரண்டாம் இடைக்காலத்தில் 'தி' என்னும் கூம்பு ரொட்டிக் குறி முன்னால் நகர்ந்து, நெசு, தி, ஹெதெப் என்று ஆகிவிடும். பால் ஸ்மித்தர் என்னும் எகிப்தியலாளர் 1939இல் இதை எடுத்துக்காட்டினார். தேதி இல்லாத கல்லுக்குக் காலம் சொல்ல இன்றும் இது கைகொடுக்கிறது. 40 கற்களை எடுத்து வரிசையைப் பட்டியலிட்டால் போதும், மூன்று மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு தப்பிய இடம் முதல் வாரத்திலேயே தெரிந்தது. குறிகள் எந்த வரிசையில் நின்றாலும் ஒலிபெயர்ப்பில், அதாவது ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும்போது, ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஆகவே மொழிபெயர்ப்பு நூல்களால் பயனில்லை. கல்லைப் பார்க்க வேண்டும், அல்லது நல்ல படம் வேண்டும். கெய்ரோ அருங்காட்சியகத்தின் நடுவரசுக் கற்களுக்கு லாங்கேயும் ஷேஃபரும் தயாரித்த பட்டியல் இருக்கிறது, எண் 20001 முதல் 20780 வரை. அதிலும் வாசகம் அச்செழுத்தில் கோத்தது. வரிசை தெரியும், ஆனால் கல்லில் குறிகள் எப்படி மேலும் கீழும் அடுக்கியிருக்கின்றன என்பதை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. படத் தொகுதி தனி; எல்லாக் கல்லுக்கும் படம் கிடையாது. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே 'இதற்குப் படம் எங்கே கிடைக்கும்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

மேலே சொன்ன பட்டியல் ஜெர்மனில் இருக்கிறது. ஏழு தொகுதியாக வந்த எகிப்தியல் கலைக்களஞ்சியத்திலும் பெரும்பகுதி ஜெர்மன்தான். பெயர்களுக்கு எல்லோரும் கைகாட்டும் ராங்கேயின் தொகுப்பும் அப்படியே. 'ஜெர்மன் தெரிந்தால் நல்லது' என்று பாடத்திட்டத்தில் போட்டிருந்தால் 'தெரியாவிட்டால் திணறுவாய்' என்று படித்துக்கொள்ளுங்கள். பேசத் தெரிய வேண்டியதில்லை. கல்வெட்டு விவரிப்பில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஒரு இருநூறு: வலப்பக்கம், இடப்பக்கம், உடைந்தது, அழிந்தது, செதுக்கியது, மேல்வரி, கீழ்வரி. இவற்றைக் கோடையிலேயே மனப்பாடம் செய்துவிட்டு வந்தால் குளிர்காலம் மிச்சம்.

அடுத்து எண்கள். இதில்தான் ஒரு முழுப் பயணம் பாழானது. ஒரே கல்லுக்குக் குறைந்தது மூன்று எண்கள் இருக்கும்: அகழாய்வாளர் களத்தில் இட்டது, அருங்காட்சியகம் பதிவேட்டில் ஏற்றும்போது இட்டது, பிறகு யாரோ அச்சிட்ட பட்டியலின் எண். கெய்ரோவில் வரவுப் பதிவேட்டு எண் வேறு, பொதுப் பட்டியல் எண் வேறு. பிரிட்டனில் இன்னும் மோசம். பீட்ரி போன்ற அகழாய்வாளர்கள் தோண்டிய பொருட்களில் ஒரு பங்கு, பணம் கொடுத்த அமைப்புகள் வழியாகச் சிற்றூர் அருங்காட்சியகங்கள் வரை பிரிந்து போயிருக்கிறது. சில தொகுப்புகளுக்குப் பிற்பாடு மறுபடியும் எண் போட்டிருக்கிறார்கள்.

நான் பழைய வெளியீட்டில் இருந்த எண்ணை அப்படியே, கல்லைப் பார்க்க அனுமதி கேட்கும் அருங்காட்சியகப் படிவத்தில் எழுதி அனுப்பினேன். ஆறு வாரம் முன்கூட்டியே அனுப்ப வேண்டிய படிவம். அனுமதி வந்தது. மூன்று மணி நேர ரயில். சேமிப்பறை மேசையில், மெத்தை விரிப்பின் மேல், அழகான ஒரு படையல் பீடம் தயாராக இருந்தது. கல்லைக் காணோம். "நீங்கள் கொடுத்த எண்ணுக்கு இதுதான் பொருள்" என்றார் அலுவலர். அவர் சொன்னது சரிதான், அதனால் கோபப்படவும் வழியில்லை. சரியான எண் தெரிந்தாலும் அன்றைக்கே எடுத்துத் தர முடியாதாம். கல் கனம், தூக்க இரண்டு பேர் வேண்டும், மறுபடியும் படிவம், மறுபடியும் ஆறு வாரம்.

எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்பதை அதன் பிறகுதான் கற்றேன். ஆக்ஸ்போர்டு கிரிஃபித் நிறுவனம் போர்ட்டர், மாஸ் இருவரும் தொகுத்த, எந்தப் பொருள் எங்கே வெளியானது என்று இடவாரியாகச் சொல்லும் நூலடைவை இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் அதைத் திறங்கள். நடுவரசுக் கால ஆட்களின் பெயர்களுக்கு மைன்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இணையத் தரவுத்தளம் ஒன்று உண்டு. கல்லின் சொந்தக்காரர் பெயரைத் தட்டினால் இன்றைய எண் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். மூன்றாவதாக, படிவத்தில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். சொந்தக்காரர் பெயர், உயரம், அகலம், கல் வகை, வெளியான படத்தின் பக்கம் எல்லாம் எழுதுங்கள். எண் தப்பாக இருந்தால் அலுவலரே கண்டுபிடித்து எழுதிக் கேட்பார்.

சேமிப்பறைக்குப் பென்சில் மட்டும் கொண்டு போங்கள், பேனா உள்ளே விட மாட்டார்கள். கைவிளக்கு வேண்டுமென்றால் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். தேய்ந்த எழுத்தை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்போது குழிகளில் நிழல் தங்கும். வெறும் கீறலும் வெட்டிய கோடும் பிரிந்து தெரியும். எனக்கு ஐயமாக இருந்த ஒரு ரொட்டிக் குறி அப்படித்தான் தெளிந்தது. அளவுகோல் இல்லாமல் ஒரு படமும் எடுக்காதீர்கள். அங்கே கையெழுத்திடும் தாள் சொந்தப் படிப்புக்கு மட்டும். கட்டுரையாக வெளியிட அனுமதி தனி, கட்டணமும் இருக்கலாம்.

இனி எழுத்துரு. மேலே சொன்னதெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது இதில்தான்.

எகிப்திய மொழியில் 'ஹ' நான்கு. வெறும் 'ஹ', அடியில் புள்ளி வைத்தது, அடியில் வளைவு வைத்தது, அடியில் கோடு போட்டது. ர, ற வேறுபாட்டை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம் அல்லவா, அதே கணக்குதான் இங்கேயும். மாறினால் சொல்லே மாறும். பழைய ஒலிபெயர்ப்பு எழுத்துருக்களில் ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு ஒரு ஒலி, பெரிய எழுத்துக்கு வேறொரு ஒலி. சிறிய 'ஏ' அடித்தால் அயின், பெரிய 'ஏ' அடித்தால் அலெஃப்; இரண்டும் வெவ்வேறு எகிப்திய மெய்யொலிகள். வேர்டு என்ன செய்யும்? வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரியதாக்கும். என் வரைவில் வரி தொடக்கத்து அயின் எல்லாம் அலெஃப் ஆகிவிட்டது. புள்ளியில்லாத 'ஹ'வுக்குப் புள்ளி முளைத்தது. நெறியாளர் 11 இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பினார். எழுதத் தொடங்குமுன் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள்.

அடுத்த அடி அதைவிடப் பெரிது. இரண்டாவது வரைவைத் திறந்த இன்னொருவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பாமினியில் அடித்த கடிதத்தை அது இல்லாத கணினியில் திறந்திருப்பீர்களே, அந்தக் கோலம்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: அலெஃபும் அயினும் 2008இலேயே யூனிகோடுக்குள் வந்துவிட்டன, யோத் என்னும் இன்னொரு ஒலிக்குரிய எழுத்து வந்தது 2019இல். கொஞ்சம் பழைய எழுத்துருவில் யோத் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் தெரியும். யோத்தை 'ஜே' எழுத்தால் எழுதும் ஜெர்மன் முறையைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. துறையில் ஒப்புக்கொண்ட முறைதான். முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். ஆனால் இடையில் முறை மாறக் கூடாது.

ஹைரோகிளிஃபை யூனிகோடில் அடிக்க நான் துணியவில்லை. குறிகள் 2009இல் சேர்ந்துவிட்டன, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வசதி 2019இல்தான் வந்தது. அதைச் சரியாகக் காட்டும் மென்பொருள் இன்னும் குறைவு. ஜேசெஷ் என்னும் இலவச மென்பொருளில் அமைத்துப் படமாக ஒட்டினேன். ஒவ்வொரு குறிக்கும் கார்டினர் என்னும் அறிஞரின் பட்டியலில் உள்ள எண்ணை அடித்தால் குறி வரும். ஜி1 அலெஃப் கழுகு, ஜி4 'தியு' என ஒலிக்கும் இன்னொரு பறவை. சிறிய அளவில் இரண்டுக்கும் தலையும் முதுகும்தான் வேறுபாடு. 40 கற்களில் நான் மூன்றில் மாற்றிப் போட்டிருந்தேன். அச்சிட்டு, இருமடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அகப்பட்டது.

களத்துக்குப் போகும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சொல். எகிப்தில் அகழாய்வுக் குழுவோடு சேரச் சுற்றுலா விசா போதாது. சுற்றுலா, தொல்பொருள் அமைச்சகத்துக்குப் போகும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், பாதுகாப்பு ஒப்புதலும் வர வேண்டும். பட்டியல் பல மாதம் முன்னால் போகும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். எண் மாறியதால் என் வகுப்பில் ஒருவருக்கு ஒரு பருவமே போனது.

சமர்ப்பிக்கும் நாள்: ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் படையல் வாசகத்தை ஒவ்வொரு கல்லிலும் 'நகல்' என்று மஞ்சள் பூசியது. நான்காயிரம் ஆண்டுக்கு முன் செதுக்கியவர்கள் ஒரே வாசகத்தைத்தான் செதுக்கினார்கள், நான் என்ன செய்ய? நெறியாளருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டு வைத்திருந்ததால் பதற்றம் இல்லை.

கடைசியில் அந்த அருங்காட்சியகத்துக்குப் பழைய எண், புதிய எண், சொந்தக்காரர் பெயர் மூன்றையும் ஒரு அட்டவணையாக்கி அனுப்பினேன். பதில் ஒரு வரி: "நன்றி, பதிவேட்டில் திருத்துகிறோம்." நேற்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். பழைய எண்ணைத் தட்டினாலும் இப்போது கல்தான் வருகிறது.