பம்பரின் உள்பக்கம் எழுதியிருப்பது

காரில் பிளாஸ்டிக் என்றாலே மட்டமான சரக்கு என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. பழைய அம்பாசடரின் கனத்த தகட்டை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய காரின் பம்பரைப் பார்ப்பவருக்கு அது தட்டினால் உடைகிற டப்பாவாகத் தெரிவது இயல்பே. எனக்கு அந்தப் பொருளின் மீது பெரிய புகார் இல்லை. உடைந்த பிளாஸ்டிக்கைச் சரிசெய்ய முடியும் என்ற எண்ணமே பல ஒர்க்‌ஷாப்புகளில் எழுவதில்லை என்பதுதான் என் புகார்.

பிளாஸ்டிக் உடல் கொண்ட கார் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் 1953இலேயே கார்வெட் கார், கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கான ஃபைபர் கிளாஸ் உடலோடு வந்துவிட்டது. இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு நிலவிய கிழக்கு ஜெர்மனியில், பஞ்சுக் கழிவையும் பீனால் பிசினையும் சேர்த்து அழுத்திய டியூரோபிளாஸ்ட் பலகைகளால் டிராபன்ட் காரைச் செய்தார்கள். 2001இல் பெங்களூருவிலிருந்து வந்த ரேவா மின்கார், நிறம் உள்ளேயே கலந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பலகைகளைப் போர்த்திக்கொண்டு ஓடியது. கீறல் விழுந்தாலும் அடியிலும் அதே நிறம்தான் இருக்கும் என்பதால், இன்றைய கார்களுக்கு அந்த யோசனை ஏன் தொற்றவில்லை என்று நான் வியந்ததுண்டு.

ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் கார்களின் கதை இன்னும் சுவையானது. 1990இல் வந்த அவற்றின் கதவுகளும், முன்சக்கரங்களை மூடும் ஃபெண்டர்களும் பிளாஸ்டிக். தள்ளுவண்டி மோதினாலும் ஒடுக்கு விழாது என்பதே விற்பனைப் பேச்சு. அது உண்மையும்கூட. ஆனால் வெப்பத்தில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடு 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும் என்றால், அதே நீள ஏ.பி.எஸ். பலகை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கு இடம் விட்டாக வேண்டியிருந்ததால், அந்தக் கார்களின் கதவிடுக்குகள் அகலமாகவே இருந்தன. நம் ஊர் வெயிலில் பம்பரும் ஃபெண்டரும் சந்திக்கும் இடத்தில் தெரியும் சிறு இடைவெளிக்கும் ஓரளவு இதுவே காரணம். மாட்டியவரின் கவனக்குறைவு என்று உடனே சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இனிப் பழுதுபார்ப்புக்கு வருகிறேன். இரும்புத் தகட்டில் வேலை செய்யும் டிங்கருக்குச் சுத்தியும் தாங்குகட்டையும் போதும்; ஒடுக்கை உள்ளிருந்து தட்டி எடுத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவார். பிளாஸ்டிக்கில் முதல் கேள்வியே இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதுதான். அதற்கான விடை பெரும்பாலும் பம்பரின் உள்பக்கத்தில், இரு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். பம்பர்களில் மிகுதியாகப் பயன்படுவது ரப்பர்த்தன்மை சேர்த்த பாலிபுரொப்பிலீன். சூட்டில் உருகும் இனம் என்பதால், அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியைச் சூடான காற்றில் உருக்கி விரிசலை ஒட்டவைக்கலாம்; ஆனால் அதன் மேற்பரப்பில் பசையும் பெயின்ட்டும் எளிதில் பிடிப்பதில்லை. அதற்கென்று உள்ள அடிப்பூச்சான பிளாஸ்டிக் பிரைமரைத் தவிர்த்து நேரடியாகப் பெயின்ட் அடித்தால், சில மாதங்களில் அது ஏடு ஏடாக உரிந்து வரும். தகட்டுக்குரிய பட்டியைப் போட்டால், பம்பர் வளையும்போது பட்டி வளையாமல் வெடித்துவிடும். டிராபன்டின் டியூரோபிளாஸ்டோ சூட்டில் உருகாத இனம்; அதைப் போன்றவற்றை உருக்கி ஒட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, பசையும் கண்ணாடி இழையும்தான் வழி. கொதிநீரை ஊற்றி ஒடுக்கை நீக்கும் காணொளிகள் பொய்யல்ல, ஆனால் அவை விரிசல் விழாத ஒடுக்குக்கு மட்டுமே உதவும்.

உண்மையில் அதிகம் தோற்கடிப்பவை பெரிய விரிசல்கள் அல்ல, மெக்கானிக்குகள் ‘லாக்’ என்று சொல்லும் சின்னஞ்சிறு கொக்கிகள். அவற்றில் இரண்டு உடைந்தால் பம்பர் தொங்கும். முழுப் பம்பரையும் மாற்றச் சொல்வதற்கு அதுவே போதுமான சாக்காகிவிடுகிறது.

மாற்றத்தான் வேண்டும் என்ற கட்டங்களும் உண்டு. பிளாஸ்டிக் அடி வாங்கியபின் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுவதால், உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமும் நுரைத் திண்டும் நசுங்கியிருப்பது வெளியே தெரியாது; கழற்றிப் பார்க்காமல் பெயின்ட் மட்டும் அடித்துக் கொடுப்பது ஆபத்து. பம்பருக்குப் பின்னால், மற்ற வண்டிகளை அலைகளால் கண்டறியும் ரேடார் உள்ள கார்களில், அதற்கு நேர் எதிரே பட்டியும் அடுக்கடுக்கான பெயின்ட்டும் சேர்ந்தால் அலைகள் சிதறிப்போகும். பல தயாரிப்பாளர்கள் அந்தப் பகுதியில் ஒட்டுவேலையே கூடாது என்கிறார்கள். அங்கே நானும் புதுப் பம்பரின் பக்கம்தான்.

மற்ற இடங்களில் முடிவைத் தீர்மானிப்பது காப்பீடு. நம் நாட்டு வழக்கமான பாலிசியில் இரும்புப் பாகங்களுக்கு இழப்பீட்டிலிருந்து கழிக்கும் தேய்மானம் காரின் வயதைப் பொறுத்தது, முதல் ஆறு மாதங்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு முதல் நாளிலிருந்தே 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். அதாவது நேற்று வாங்கிய காரின் பம்பர் இன்று உடைந்தாலும், புதியதின் விலையில் பாதி உரிமையாளர் தலையில். கிளெயிம் செய்தால் கிளெயிம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெயிம் போனஸும் அடுத்த ஆண்டு போய்விடும். ஒட்டவைக்கும் செலவு அதைவிடக் குறைவாக இருப்பது அரிதல்ல. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ காப்பீடு எடுத்தவருக்கோ பாகத்தின் தேய்மானச் சுமையே இல்லை, எனவே அவர் ஒட்டவைக்கக் கேட்பதில்லை. புதுப் பாகம் விற்கும் சர்வீஸ் சென்டர் தானாகச் சொல்லப்போவதும் இல்லை.