வெனிஸில் குப்பை கொட்டிய கதை

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். "கீழே போய்ப் பார். நம் மானம் தெருவில் கிடக்கிறது."

இறங்கிப் போனேன். முந்தைய இரவு கதவோரம் நான் வைத்த குப்பைப் பையைக் கடற்காகம் ஒன்று கிழித்து, வெங்காயச் சருகையும் பீட்சா அட்டையையும் சந்து முழுக்க இறைத்திருந்தது. சேவல் அளவு இருக்கும். என்னைப் பார்த்த பிறகும் நகரவில்லை, ஒரு தக்காளித் துண்டை விழுங்கிவிட்டு, "அப்புறம்?" என்பது போல நின்றது.

வெனிஸில் இரவில் குப்பையை வெளியே வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் அனுப்பிய குறிப்பில் தெளிவாகவே இருந்தது. நான்தான் வைஃபை கடவுச்சொல் வரை படித்துவிட்டு நிறுத்தியிருந்தேன். காலையில் ஆள் வந்து மணி அடிப்பார், அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குள் வெளியே கிளம்புகிறவர்கள் கால்வாயோரம் நிற்கும் குப்பைப் படகுக்கே கொண்டு போகலாம். ஒரு நாள் காகிதம், மறுநாள் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தகரமும். லாரி நுழைய முடியாத ஊரில் வேறென்ன செய்வார்கள்? அன்று முதல் குப்பை இலாகா அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

மனைவிக்கு அங்கே பத்து நாள் பயிற்சி வகுப்பு. காலையில் போனால் மாலையில்தான் வருவாள். நானும் அம்மாவும் ஏழு வயது மகளும் கன்னரேஜோ பகுதியில், லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மாவுக்கு வலது முழங்கால் தேய்மானம். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், அவற்றில் பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள் என்றுள்ள ஊருக்கு அவளை அழைத்துப் போனவன் நான். திட்ட நினைப்பவர்கள் வரிசையில் நிற்கவும். என் மனைவி முதலில் நிற்கிறாள்.

முகவரியும் சோதித்தது. அங்கே வீட்டு எண் தெருவுக்கு அல்ல, பகுதிக்கு. ஊர் ஆறு பகுதிகள். ஒவ்வொன்றிலும் எண்கள் ஒன்றில் தொடங்கிச் சந்து சந்தாக வளைந்து ஆயிரக்கணக்கில் போகின்றன. தெருப் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முதல் நாள் ஒரு மணி நேரம் அலைந்தோம். பெட்டியை இழுத்துக்கொண்டு, ஒரே பாலத்தை மூன்று முறை ஏறி இறங்கி.

பாலத்தை அம்மா சமாளித்த விதம் எனக்கு வியப்பு. முதல் நாள் ஒரு பாலத்தடியில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைகளுக்குச் சரக்கு கொண்டு போகும் ஆட்களின் கைவண்டியில், பெரிய சக்கரங்கள் போக, முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு சின்னச் சக்கரங்கள் உண்டு. அவற்றை அடுத்த படியில் ஊன்றி, பின்னாலிருந்து நெம்பி ஏற்றுகிறார்கள். "அட்டென்சியோனே!" என்று ஒரு சத்தம், கூட்டம் பிளந்து வழிவிடுகிறது. காய்கறி வாங்கிவரும் பாட்டிகளோ சக்கரம் வைத்த துணிப்பையைத் திருப்பிப் பிடித்து, படிக்கு முதுகைக் காட்டி, ஒரு படி ஏறி ஓர் இழுப்பு, நின்று ஒரு மூச்சு. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் அப்படி ஒரு பை சாய்ந்திருந்தது. இரண்டாம் நாள் அம்மா அதை எடுத்துக்கொண்டாள். பையில் கனம் இருந்தால் கால் தானாக நிதானப்படுகிறது என்பது அவள் கட்சி. மருத்துவர் ஒப்புக்கொள்வாரா என்று நான் கேட்கவில்லை.

சந்தை எதிர்க்கரையில், ரியால்தோவில். பெரிய பாலத்தைச் சுற்றிப் போகாமல் சாந்தா சோஃபியா துறையிலிருந்து குறுக்கே கடக்க ஒரு படகு உண்டு; பெயர் திரகெத்தோ. பார்வைக்கு, அந்த ஊருக்கே உரிய ஒல்லியான துடுப்புப் படகான கோந்தோலாதான், ஆனால் அகலம். முன்னும் பின்னும் இரண்டு துடுப்புக்காரர்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஆளுக்கு 2 யூரோ. அலங்காரக் கோந்தோலாவில் அரை மணி நேரச் சுற்றுக்கு 90 யூரோ கேட்கிற ஊரில், இரண்டு நிமிடமானாலும் கோந்தோலா கோந்தோலாதானே என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். காய்கறிப் பையோடு தினமும் போய்வந்தோம், சந்தை விடுமுறை நாள்கள் தவிர.

காய்கறிக் கடையில் ஒருவர் ஆர்ட்டிசோக் எனும் கூனைப்பூவைச் சீவிக்கொண்டிருந்தார். நான்கைந்து வெட்டு, இதழெல்லாம் உதிர்ந்து, அடித்தட்டு மட்டும் வட்டமாக எலுமிச்சை மிதக்கும் வாளித் தண்ணீரில் 'டொப்' என்று விழும். அம்மா பத்து நிமிடம் நின்றாள். பூவை வாங்கவில்லை, அவருடைய கத்தி எங்கே கிடைக்கும் என்று கேட்கச் சொன்னாள். மீன் சந்தையில் மகளுக்கு ஒரு கல்வெட்டு கிடைத்தது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று பழைய பளிங்குப் பலகையில் வெட்டியிருக்கிறார்கள்: விலாங்கு 25, ஆளிச் சிப்பி 5. மறுநாள் அவள் பென்சில் பெட்டி ஸ்கேலோடு வந்துவிட்டாள். மீன்காரர் சிரித்துக்கொண்டே ஒரு மத்தி மீனை அளக்கக் கொடுத்தார். தேறிவிட்டது.

மாலையில் கெத்தோ நுவோவோ சதுக்கம். 1516இல் யூதர்களை ஒதுக்கி வைத்து, இரவில் வாயில்களைப் பூட்டிய இடம். பரவ இடமில்லாததால் வீடுகள் மேலே மேலே வளர்ந்து, அந்த ஊருக்குப் பொருந்தாத உயரத்தில் நிற்கின்றன. 1797இல் நெப்போலியன் படை வந்தபோது வாயில்கள் போயின. இப்போது பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுகிறார்கள். மகளுக்கு மொழி தெரியாமலே கோல்கீப்பர் வேலை கிடைத்தது.

நடுவில் மூன்று கிணறுகள், இரும்பு மூடி போட்டு. "சுற்றிலும் உப்புத் தண்ணீர். இதில் எப்படிடா நல்ல தண்ணீர் ஊறும்?" என்றாள் அம்மா. ஊறாது என்றேன். சதுக்கமே ஒரு தொட்டி. தரைக்கு அடியில் களிமண் பூசிய பெரிய குழி, அதில் மணல், நடுவில் செங்கல் கிணறு. மழைநீர் தரையிலுள்ள துளைக் கற்கள் வழியாக இறங்கி, மணலில் வடிகட்டி, கிணற்றில் சேரும். 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாயில் தண்ணீர் வரும்வரை ஊர் இந்தக் கிணறுகளைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. நான் சொல்லி முடிக்கும் முன்பே அம்மா பையை என்னிடம் தந்துவிட்டு அந்தத் துளைக் கற்களைத் தேடி நடந்துகொண்டிருந்தாள். முழங்கால் ஞாபகமே இல்லை.

கிளம்பிய நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று குப்பை எடுக்க ஆள் வரமாட்டார், படகும் இல்லை. கையில் ஒரு பை மிச்சம். வீட்டிலேயே விட்டுவிடலாம் என்றேன். அம்மா பார்த்த பார்வையில் பேச்சு முடிந்தது. கா தோரோ துறையில் ஒன்றாம் எண் படகு-பஸ் ஏறி, இருபுறமும் மாளிகைகள் கடந்துபோக, குப்பைப் பையை மடியில் வைத்துக்கொண்டே ரயில் நிலையம் வரை வந்தாள். நடைமேடையில் வரிசையாக நிறம் நிறமாய்த் தொட்டிகள். ரயிலுக்கு ஏழு நிமிடம் இருந்தது. அம்மா பையை அவிழ்த்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேத்தியிடம் கேட்டாள்: "தயிர் டப்பா எதில் போட வேண்டும்?"