இருபது வயதில் கிழவர் ஆனவர்

1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் நகைச்சுவை நடிகர் வி. கே. ராமசாமி முதியவராக நடித்தபோது அவருக்கு இருபது வயது தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த வேடம் அத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டதால், பிறகு வந்த பல பத்தாண்டுகளில் அப்பாவாகவும் மாமனாராகவும் கஞ்சப் பெரியவராகவுமே அவரைத் திரும்பத் திரும்பக் கண்டோம். உண்மையான முதுமை வந்து சேர்ந்தபோது ஒப்பனைக்காரருக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

நகைச்சுவை நடிகர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிதான் நடிக்கிறார்" என்று யாராவது குறை சொல்லாமல் இருப்பதில்லை. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். வடிவேலுவின் இரண்டு வேடங்களை அடுத்தடுத்துப் பார்த்த பிறகே என் எண்ணம் மாறியது. 'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ளையும் 'தலைநகரம்' (2006) படத்தின் நாய் சேகரும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே ஆள்தான். இருவரும் வாய்ச்சவடால் பேசுகிறார்கள், அடி வாங்குகிறார்கள், அடி வாங்கியதை மறைக்கப் படாத பாடு படுகிறார்கள். ஆனால் கைப்புள்ளைக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தன்னைத் தலைவன் என்று நம்பும் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பதால் அவனால் பின்வாங்க முடியவில்லை. நாய் சேகருக்கோ அப்படி இழப்பதற்குப் பெயர் எதுவுமே இல்லை. தன்னையும் ரவுடியாக மதித்துக் கைது செய்யும்படி காவல்துறை வண்டியில் தானாகவே போய் ஏறுகிறான். இருக்கிற பெயரைக் காப்பாற்றத் துடிப்பவனுக்கும் இல்லாத பெயருக்காகக் கெஞ்சுபவனுக்கும் இடையே இருக்கும் தூரத்தை, அதே முகத்தையும் அதே நடையையும் வைத்துக்கொண்டே அவர் காட்டிவிடுகிறார். சாப்ளினும் அந்தத் தொப்பியையும் கைத்தடியையும் 1914 முதல் 1936 வரை விடவில்லையே.

ஆகவே ஒரே சாயல் என்பது குற்றமாகாது. அந்தச் சாயலுக்குள் ஒரு மனிதன் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. பல படங்களில் அவன் இல்லாமல் போவதற்கு நடிகரின் சோம்பலைவிட வேலை நடக்கும் முறையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம் சினிமாவில் நகைச்சுவை நெடுங்காலம் தனி டிராக்காகவே, அதாவது மூலக்கதையோடு ஒட்டாத தனிப் பகுதியாகவே, ஓடியது. என். எஸ். கிருஷ்ணன் தம் பகுதிகளைத் தாமே தனியாக உருவாக்கிப் படங்களில் சேர்த்தார். கவுண்டமணி, செந்தில் இணையின் காட்சிகளைப் படைப்பதில் ஏ. வீரப்பன் என்ற தனி எழுத்தாளர் இருந்தார். வலுவான எழுத்தாளர்கள் இருந்தவரை இந்த முறை நன்றாகவே நடந்தது. 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியைக் கதையிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தாலும் அது முழுமையாக நிற்கிறது. எழுத்து மெலிந்து கால்ஷீட் மட்டும் மிஞ்சியபோதுதான் சிக்கல் வந்தது. நான்கைந்து நாள்களில் முடித்துக் கொடுக்க வேண்டிய, கதையோடு உறவற்ற ஒரு வேடத்துக்கு, சென்ற படத்தில் கைதட்டல் வாங்கிய குரலையும் முகபாவத்தையும் எடுத்து வருவதைத் தவிர நடிகர் வேறு என்ன செய்ய முடியும்?

இதைவிட எனக்கு ஒவ்வாதது, உடம்பையே வேடமாக்கிவிடும் பழக்கம். நிறம், பருமன், பல், தலைமுடி என்று எதையாவது சொல்லி நாயகன் கேலி செய்வான். கேலிக்கு ஆளானவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். யோகி பாபு இப்படி எத்தனை படங்களில் தம் தோற்றத்துக்காகச் சிரிக்கப்பட்டார் என்பதை எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. 'மண்டேலா' (2021) படத்தில் ஊர்த் தேர்தலின் முடிவையே தீர்மானிக்கும் ஒற்றை வாக்கைக் கையில் வைத்திருக்கும் முடிதிருத்துபவராக அவர் வந்தார். அதே உருவம்தான், ஆனால் சிரிப்பு அந்த வாக்கைச் சுற்றி அலையும் மனிதர்களிடமிருந்து பிறந்தது.

அதே சமயம், சிரிக்க வைப்பவர் அழவைத்தவுடன் "இப்போதுதான் நடித்திருக்கிறார்" என்று பாராட்டுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. 'வெண்ணிலா கபடிக் குழு' (2009) படத்தில் பரோட்டாவுக்குக் கணக்குப் பார்த்த சூரியும் நடிகர்தான், 'விடுதலை' (2023) படத்தில் காவலராக வந்த சூரியும் நடிகர்தான். 'மாமன்னன்' (2023) வெளியானபோது வடிவேலுவைக் குறித்தும் இதே வியப்பு எழுந்தது. 'தேவர் மகன்' (1992) படத்தின் இசக்கியை அப்படி வியந்தவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். கை வெட்டுப்பட்டு மருத்துவமனையில் கிடக்கும் அவர், வேடிக்கையும் வேதனையும் கலந்த குரலில் பேசுகிற அந்தச் சில நிமிடங்களிலேயே எல்லாம் இருந்தது. நடுவே ஓரிரு குணச்சித்திர வாய்ப்புகள் வந்தாலும், அந்தக் கனத்தை மறுபடியும் அவரிடம் கேட்பதற்கு நம் சினிமாவுக்கு 31 ஆண்டுகள் ஆயின.