டக் என்ற சத்தம் மட்டும்

மூன்று நாளாக என் பைக்கில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரே ஒரு ‘டக்’. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றவில்லை. கிக்கர் இருந்ததால் ஆபீசுக்குப் போய் வந்தேன். பக்கத்து மெக்கானிக் பார்க்காமலேயே “பேட்டரி மாத்திடுங்க சார்” என்றார். பேட்டரி வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, மனசு கேட்கவில்லை.

ஞாயிறு காலை மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். பட்டனை அழுத்தியபோதும் 12.4-க்குக் கீழே இறங்கவில்லை. இங்கேதான் பொறி தட்டியது. பேட்டரி செத்திருந்தால் ஒன்பதுக்குக் கீழே சரிந்திருக்கும். இறங்கவே இல்லை என்றால் மோட்டார் கரண்ட்டையே இழுக்கவில்லை. நியூட்ரலில் வைத்து, பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்தேன். அப்போதும் அசையவில்லை. ஆக, ரிலேயும் குற்றவாளி இல்லை.

மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதோ என்று மோட்டாரைக் கழற்றப் போனவன், சோம்பலில் இன்னொரு சோதனை செய்தேன். (சோம்பலும் சில நேரம் உதவும்.) மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை எஞ்சின் உடம்பில். பட்டனை அழுத்தினால் 11 வோல்ட்! அரை வோல்ட்கூட வரக்கூடாத இடம் அது. மோட்டாரின் கரண்ட் எஞ்சின் உடம்பு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில்தான் கோளாறு. அந்த எர்த் ஒயரை எஞ்சினில் பிடித்திருந்த போல்ட்டில் பச்சையாகப் பூத்திருந்தது. ஹெட்லைட்டுக்கு வேறு மெல்லிய எர்த் ஒயர், அதனால் அது மட்டும் ஜோராக எரிந்திருக்கிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவி முறுக்கினேன். முதல் அழுத்தலிலேயே வண்டி உறுமியது. செலவு, உப்புத்தாளுக்குப் பத்து ரூபாய்.