வெடித்த கத்திரிக்காய்

டொப்புன்னு ஒரு சத்தம். அடுப்பு மேடை முழுக்கக் கத்திரிக்காய் விதை.

காரைக்குடி வீட்டில் இன்று கோசமல்லிக்குக் காய் சுடும் வேலை எனக்கு. தீயைக் குறைத்துத்தானே வைத்திருக்கிறோம், எதற்குக் குத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஆவி போக வழி வேணாமாடா?" என்றது அப்பத்தா.

கரிந்த தோல் ஒரு பக்கம் மட்டும் பிய்ந்து தொங்கியது. பார்த்ததும் ஓரியன் விண்கலம்தான் நினைவுக்கு வந்தது (எனக்கு அப்படித்தான் வரும்). 2022-ல் நிலவுக்குப் போய்த் திரும்பியபோது அதன் வெப்பக் கவசமும் அங்கங்கே துண்டாகப் பெயர்ந்திருந்தது. கரிந்து தேய்வதுதான் அதன் வேலை, ஆனால் இப்படிப் பெயரக் கூடாது.

அப்புறம் நாசாவின் ஏம்ஸ் மையத்தில், மின்வில்லால் காற்றைக் கொதிக்கவைத்துப் பீய்ச்சும் கூடத்தில், அந்தக் கவசம் செய்த அதே அவ்கோட் என்ற பொருளைச் சுட்டுப் பார்த்தார்கள். பறக்கும் முன் நடந்த சோதனைகளில் சூடு அதிகம். கரி சீக்கிரம் உருவாகி, அதன் நுண்துளை வழியே வாயு வெளியேறிவிட்டது. நிஜப் பயணத்தில், பூமியின் காற்றுக்குள் இறங்கும்போது, நடுவில் சூடு தணிந்திருக்கிறது, கரி மெதுவாகத்தான் உருவானது, உள்ளே வாயு மட்டும் சேர்ந்துகொண்டே போய் விரிசல் விட்டுவிட்டது.

அங்கேயும் தீ குறைந்ததுதான் வினை!

அப்பத்தாவிடம் சொன்னேன். "அவுகளும் குத்தலையாக்கும்" என்றுவிட்டு அடுத்த காயை நீட்டியது, கூடவே ஊசியையும்.