துக்கமுகமாயிருக்கிறது என்ன?

2025 மார்ச் 9, ஞாயிறு
களியக்காவிளை

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வாலிபர் சங்கச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாடம் நடத்தப்போகிற பிள்ளைகளுக்கு இந்த லெந்து நாட்களிலேயே பயிற்சி தொடங்க வேண்டுமாம். "டீச்சர், இந்த வருஷம் மனவெழுச்சி நுண்ணறிவு. நீங்கள்தான் எடுக்க வேண்டும்" என்றார்.

தாளின் தலைப்பு 'வாழ்க்கையில் ஜெயிக்க ஐந்து திறமைகள்'. தன்னை அறிதல், தன்னை ஆளுதல், ஊக்கம், பிறர் மனம் அறிதல், பழகும் திறன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வசனம் ஒட்டப்பட்டிருக்கிறது. வசனத்தை எடுத்துவிட்டால் தாளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, தாளை எடுத்துவிட்டால் வசனத்துக்கும் இல்லை.

அந்த ஐந்தும் அமெரிக்க எழுத்தாளர் டேனியல் கோல்மேன் 1995-இல் எழுதிய புத்தகத்தின் வழியாக உலகமெங்கும் பரவியவை. அதற்கு முன்பே, 1990-இல், பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனவெழுச்சி நுண்ணறிவு என்பதை ஒரு கட்டுரையில் வரையறுத்துவிட்டார்கள். தன்னிடமும் பிறரிடமும் எழுகிற உணர்வுகளைக் கவனிப்பது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது, அந்த அறிவைக்கொண்டு சிந்தனையையும் செயலையும் நடத்துவது. அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. அதில் ஜெயிப்பது பற்றிய பேச்சில்லை. அது பின்னால் கம்பெனிகள் சேர்த்த மசாலா.

தலைப்பை நீக்கினால் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் முகம் சற்றே வாடியது. தலைப்பு அவருடையது போலிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் நெகேமியா இரண்டாம் அதிகாரம். இத்தனை வருஷம் எருசலேமின் அலங்கம் கட்டின கதையாகவே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கதை தொடங்குவதோ ஒரு முகத்தில்.

நெகேமியா சூசான் அரமனையில் பானபாத்திரக்காரன். ஊர் பாழாய்க் கிடக்கிற செய்தி கிஸ்லே மாதத்தில் வருகிறது. ராஜாவுக்கு முன்னால் அவன் திராட்சரசத்தோடு நிற்பது நிசான் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதம் உள்ளே அழுகையும் உபவாசமும், வெளியே வேலைக்குரிய முகம். அன்றைக்கு அந்த முகம் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "நீ துக்கமுகமாயிருக்கிறது என்ன? உனக்கு வியாதியில்லையே, இது மனதின் துக்கமே" என்கிறான் ராஜா அர்தசஷ்டா. நெகேமியா மிகவும் பயந்துபோனதாக அவனே எழுதியிருக்கிறான். ராஜ சமுகத்தில் வேலைக்காரன் துக்கமாக நிற்கலாகாது.

ராஜா செய்ததைப் பாருங்கள். முதலில் வியாதியா என்று பார்த்து அதை விலக்குகிறான், பிறகு மனதின் துக்கம் என்று இனம் காண்கிறான், அடுத்ததாக "நீ கேட்கிற காரியம் என்ன" என்கிறான். சாலவேயும் மேயரும் எழுதியதன் பாதி இங்கே ஒரு பெர்சிய ராஜாவின் வாயில் இருக்கிறது. அவன் இஸ்ரவேலின் தேவனை அறியாதவன் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். முகம் பார்க்கத் தெரிவது நமக்கு மட்டும் கொடுக்கப்பட்ட வரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

யோசேப்பும் இப்படித்தான். சிறைச்சாலையில் காலையில் வந்து பார்க்கிறான், "உங்கள் முகங்கள் இன்று துக்கமாயிருக்கிறது என்ன" என்று விசாரிக்கிறான். செய்யாத குற்றத்துக்கு உள்ளே கிடக்கிறவன், பக்கத்தில் கிடக்கிறவர்களிடம் கேட்கிற கேள்வி இது.

இதே கேள்வி ஆதியாகமத்திலேயே ஒருமுறை கேட்கப்பட்டிருக்கிறது. "உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" கேட்டவர் கர்த்தர், கேட்கப்பட்டவன் காயீன். கொலை நடப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி அது. காயீன் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. அடுத்த வசனத்தில் அவன் தம்பியோடு பேசுகிறான்.

மார்ச் 12, புதன்

கண் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போனேன். நாளை அங்கே ஆற்றுகால் கோவில் பொங்கலைத் திருவிழா. களியக்காவிளையிலேயே கேரள பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாறசாலையில் இன்னும் ஒரு கூட்டம் அரிசி, சர்க்கரை, பானை, பாய் என்று மூட்டைகளோடு ஏறியது. நெய்யாற்றின்கரை வருவதற்குள் ஒரு மூட்டையைக் காலுக்கடியில் வைப்பது பற்றிச் சண்டை. 1956 நவம்பர் 1-இல் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலும் எங்கள் விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டிலுமாகப் பிரிந்துபோயின. வைகிற விஷயத்தில் மட்டும் பிரிவினை நடக்கவில்லை. இரண்டு பாஷையிலும் சரளமாக நடந்தது.

நடத்துனர் சின்ன வயதுப் பையன். சண்டையைத் தீர்க்க வரவில்லை. குரல் உயர்த்திக்கொண்டிருந்த அம்மாவிடம், எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். விடிவதற்கு முன்பே என்றார் அந்த அம்மா. ஏதாவது சாப்பிட்டீர்களா என்றார். இல்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாவின் குரல் தானே இறங்கிவிட்டது. காலை நகர்த்த மறுத்தவர் மூட்டையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார்.

நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிற மனிதருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பாலராமபுரம் வரை யோசித்தேன். கண்ணுக்குப் புதுக் கண்ணாடி எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

துக்க வீடு. பக்கத்துத் தெருவில் ரப்பர் பால் வெட்டுகிறவர், ஐம்பது வயதுதான் இருக்கும், நெஞ்சுவலி. இலை உதிர்ந்து துளிர்க்கிற சமயமாதலால் தோட்டங்களில் வெட்டு நின்றிருக்கிறது. வேலையில்லாத நாட்களில் வீட்டுக் கூரையைச் சரிசெய்துவிடலாம் என்று ஏணியை எடுத்து வைத்திருக்கிறார். ஏணி அப்படியே சுவரில் சாய்ந்து நின்றது.

மனைவி அழுதுகொண்டிருந்தார். சுற்றிலும் இருந்தவர்கள் அந்த அழுகையை நிறுத்துவதே தங்கள் கடமை என்று நினைத்தார்கள். "அழக் கூடாது, கர்த்தர் எடுத்துக்கொண்டார்." "பிள்ளைகளைப் பார், நீ இப்படி இருக்கலாமா?" வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் ஜெபத்தின் நடுவே, விசுவாசிகள் துக்கிக்கலாகாது என்று பவுல் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பவுல் அப்படிச் சொல்லவே இல்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்காதீர்கள் என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கத்தின் தன்மையைத்தான் மாற்றச் சொன்னார். பாதி வசனத்தைப் படித்துவிட்டு ஒரு விதவையின் கண்ணீரைக் குற்றமாக்குகிற உரிமை யாருக்கும் கிடையாது. அங்கே வாயைத் திறக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

பிறகு பாட்டு. உற்சாகமான பாட்டு, தாளத்தோடு. நீதிமொழிகள் 25:20 அந்தக் கூடத்தில் எவருக்கும் நினைவு வரவில்லை போலும். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல இருப்பான் என்கிறது அது. கிறிஸ்தவ வீடுகளில் இந்த வசனத்தைச் சுவரில் மாட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து யோவான் பதினோராம் அதிகாரத்தைத் திறந்தேன். மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொல்வது ஒரே வாக்கியம். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." சொல்லுக்குச் சொல் ஏறக்குறைய ஒன்றுதான். மார்த்தாள் எதிர்கொண்டு வந்து, நின்று, பேசுகிறாள். அவளுக்கு இயேசு பேச்சால் பதில் சொல்கிறார், உயிர்த்தெழுதலைப் பற்றிய உயர்ந்த உபதேசம் அவளுக்குத்தான் கிடைக்கிறது. மரியாள் பாதத்தில் விழுந்து அழுகிறாள். அவளுக்கு உபதேசம் இல்லை. அவர் ஆவியிலே கலங்குகிறார். "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று கேட்கிறார். பிறகு கண்ணீர் விடுகிறார்.

வார்த்தை ஒன்று, ஆள் இரண்டு, பதில் இரண்டு. மரியாளுக்குச் செய்ததை மார்த்தாளுக்குச் செய்திருந்தால் அவள் கேள்வி அந்தரத்தில் நின்றிருக்கும். மார்த்தாளுக்குச் சொன்னதை மரியாளுக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்குத் துக்க வீட்டில் நடந்ததுதான் பெத்தானியாவிலும் நடந்திருக்கும். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர் ஏன் அழ வேண்டும்? முடிவு நல்லதாயிருக்கும் என்பது இந்த நேரத்து அழுகைக்கு விரோதமில்லை. எனக்குத் தெரிந்த விளக்கம் அதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. மாலையில் பக்கத்து வீட்டு அக்கா கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார். வசனம் சொல்லவில்லை. "ரெண்டு வாய் குடியும் பிள்ளே" என்று மட்டும் சொல்லித் தட்டைக் கையில் கொடுத்து, குடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாகவேண்டுமென்று கோரிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் செய்ததும் இதுதான். தழலில் சுட்ட அடை, தண்ணீர், தூக்கம், மறுபடியும் அடை. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் வருகிறது.

மார்ச் 18, செவ்வாய்

தங்கை மகன் டெக்னோபார்க்கிலிருந்து இரவு போன் செய்தான். பயிற்சி வகுப்பு பற்றிச் சொன்னதும் சிரித்தான். "எங்கள் மேலாளருக்கு அது நன்றாகவே வரும், பெரியம்மா. யாருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, யாருக்கு அப்பா படுக்கையில் இருக்கிறார், எல்லாம் கேட்டு வைத்திருப்பார். இராத்திரி வேலைக்கு ஆள் வேண்டும்போது யாரிடம் எந்தக் குரலில் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்."

"நீ மறுத்தாயா மக்களே?"

"என்னிடம் அவர் அம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் கேட்டார்."

அந்தத் தாளில் இல்லாத விஷயம் இது. போனை வைத்ததும் 2 சாமுவேல் 15. தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் விடியற்காலத்தில் எழுந்து வாசலுக்குப் போகிற வழியோரத்தில் நிற்கிறான். வழக்கோடு வருகிறவனைக் கூப்பிட்டு, நீ எந்த ஊரான் என்று கேட்கிறான். உன் காரியம் நியாயமானது, ஆனால் உன்னை விசாரிக்க ராஜாவிடத்தில் ஒருவரும் இல்லையே என்று அனுதாபப்படுகிறான். வணங்க வருகிறவனைக் கைநீட்டிப் பிடித்து முத்தமிடுகிறான். தாளிலுள்ள ஐந்து திறமைகளுக்கும் நூற்றுக்கு நூறு போடலாம். பழகும் திறனில் இஸ்ரவேலில் அவனுக்கு இணை கிடையாது. வேதம் அதற்கு வைக்கிற பெயர், இருதயத்தைக் கவர்ந்துகொண்டான் என்பது. அடுத்தாற்போல் கலகம்.

அவன் கேட்ட கேள்விக்கும் யோசேப்பு கேட்ட கேள்விக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமில்லை. கேட்டபின் யார் எதைச் சுமந்தார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். பிறர் மனம் அறிவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப்போகிறோம் என்றால், அப்சலோமிலிருந்து தொடங்கவேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறேன். செயலாளர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

மார்ச் 21, வெள்ளி

மேலத்தெருக் கத்தோலிக்க வீட்டு அம்மாவோடு சிலுவைப்பாதைக்குப் போகிற வழியில் பேச்சு. தினமும் படுக்கும் முன், அன்றைக்கு மனம் எங்கே மலர்ந்தது, எங்கே சுருங்கியது என்று கடவுள் முன்னால் உட்கார்ந்து பார்ப்பாராம். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் பழக்கிவிட்ட வழி இது. மனம் வறண்டு இருண்டிருக்கிற நேரத்தில், முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அவர் ஏற்படுத்திய விதிகளில் ஒன்று. அவருடைய தோழர் சவேரியார்தான் 1542 முதல் நம் கடற்கரையில் நடந்தவர். கோட்டாற்றில் அவர் பெயரால் கோவில் இருக்கிறது, அங்கே அவரிடம் நேர்ச்சை வைக்கிறோம். அவருடைய குரு எழுதிவைத்ததை நாங்கள் சீர்திருத்தச் சபையார் வாங்கிப் பார்ப்பதே இல்லை. வறட்டு கௌரவம்.

மார்ச் 23, ஞாயிறு

முதல் வகுப்பு. அப்சலோமில் தொடங்கினேன். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, வில்லன் கதை எப்போதும் பிடிக்கும். பிறகு ஒரு பையன் கேட்டான்: "கிறிஸ்தவனுக்குக் கோபம் வரலாமா டீச்சர்?"

மாற்கு 3:5 வாசிக்கச் சொன்னேன். சூம்பின கையுள்ளவன் நடுவே நிற்கிறான், மற்றவர்கள் ஓய்வுநாள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார்கள். இயேசு விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் பார்க்கிறார். ஒரே வசனத்தில் இரண்டும். விசனமில்லாத கோபம் எப்படியிருக்கும் என்று கேட்டேன். "எங்கள் அப்பா மாதிரி" என்றது பின்வரிசை. வகுப்பு சிரித்தது, சொன்ன பிள்ளை சிரிக்கவில்லை. அதற்குமேல் அந்தப் பக்கம் போகாமல், வகுப்பு முடிந்தபின் அவளைத் தேங்காய் துருவ உதவிக்கு என்று சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தையும் பார்த்தோம். ஏழைகள் பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்கவேண்டியிருக்கிற கூக்குரலைக் கேட்டு மிகவும் கோபங்கொண்டேன் என்கிறான். அடுத்து, என் மனதிலே ஆலோசனைபண்ணினேன் என்கிறான். அதற்குப் பிறகே பிரபுக்களைக் கடிந்துகொள்கிறான். நடுவில் இருக்கிற அந்த ஆலோசனை எவ்வளவு நேரம் நடந்தது என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. வேதம் சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். பரிசுத்த ஆவியானவர் இருக்கும்போது மனோதத்துவம் எதற்கு என்பது அவர் வழக்கு. இச்சையடக்கம் ஆவியின் கனி என்று கலாத்தியரில் இருக்கிறதே, அதை வகுப்பு வைத்தா கற்பிப்பார்கள் என்றார். நியாயமான வாதம்தான், அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. கனி ஆவியானவருடையதே. ஆனால் ஆவியானவர் இருக்கிற தேவாலயத்திலேயே முகத்தைத் தப்பாக வாசிக்க முடியும், ஆசாரியனே வாசிக்க முடியும் என்றேன். யார் என்றார். ஏலி என்றேன்.

அன்னாள் மனங்கசந்து ஜெபிக்கிறாள், உதடு மாத்திரம் அசைகிறது, ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறார். மூப்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவள் விஷயத்தைச் சொன்னதும் ஏலி உடனே சமாதானத்துடனே போ என்றாரே, அதையும் சொல்வீர்களா?" என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் அந்தப் பகுதியையே எடுக்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை மாலை 4 மணி வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏலியின் பகுதியை அவரே வாசிக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.