ரிமோட்டில் விற்ற இடம்

புது டிவியின் ரிமோட்டைக் கையில் எடுத்தால், பாதிக்கு மேல் ஓடிடி நிறுவனங்களின் பெயர் பொறித்த பட்டன்கள். ஒலியைக் கூட்டும் பட்டனைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்த இடம் சும்மா கொடுத்ததல்ல. பெயர் போடுவதற்கு அந்த நிறுவனங்கள் டிவி கம்பெனிக்குப் பணம் தருகின்றன.

டிவி செய்கிற செலவில் பெரும்பங்கு பேனலுக்கே, அதாவது திரைக்கே, போய்விடும். பேனல் விலை கொஞ்சம் ஏறினாலும் லாபம் காணாமல் போகும். போட்டியில் விலையை ஏற்றவும் முடியாது. அப்புறம் எதை விற்பது?

நம்மைத்தான்.

அமெரிக்காவின் டிவி கம்பெனி விசியோ 2021இல் டிவி விற்றுப் பார்த்த மொத்த லாபத்தைவிட, விளம்பரத்திலும் பார்வையாளர் தகவலிலும் பார்த்தது அதிகம். 2024 டிசம்பரில் பெரிய கடைச் சங்கிலியான வால்மார்ட் அதைச் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. டிவி விற்க வால்மார்ட்டுக்குத் தெரியாதா என்ன? அதற்கு வேண்டியிருந்தது அந்த விளம்பரத் தொழில்.

டிவியில் ஓடிடி பார்க்க உதவும் கருவிகளை விற்கிற ரோகு இன்னும் ஒரு படி மேல். 2022, 2023இல் கருவிகளை அடக்கவிலைக்கும் கீழேதான் விற்றது.

நாம் என்ன பார்க்கிறோம் என்று டிவி கம்பெனிக்கு அனுப்புகிற வசதியை செட்டிங்ஸில் தேடிப்பிடித்து அணைத்துவிட்டேன், மெனுவுக்குள் மெனுவாகப் புதைத்து வைத்திருந்தார்கள். உங்கள் டிவியில் எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்களேன்.